தகரப் புகைபோக்கி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் மருந்து மாத்திரைப் பேச்சு முடிந்ததும் சினிமாப் பேச்சுதான். யார் எந்தக் கொட்டகையில் எந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தோம் என்று நீங்கள் அடுக்கும்போது நான் காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவேன். கவனித்திருப்பீர்கள். சினிமா பிடிக்காதவள் என்று எனக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டீர்கள். பிடிக்காமல் இல்லை. ஒரே வாரத்தில் ஒரே படத்தை மூன்று தடவை பார்த்தவள் நான். அதோடு நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

போன மாதம் என் மகள் ஏதோ வெளிநாட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே பார்த்தாலும் பித்தளைச் சக்கரம், ஆவி கக்கும் கோச்சு வண்டி, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு துப்பறிகிற ஓர் ஆள். இதற்கு ஸ்டீம்பங்க் என்று பெயராம். பத்து வயதில் இந்த மாதிரிப் படத்தில் நான் நடித்திருக்கிறேன் என்றேன். ராயபுரத்திலா என்று சிரித்தாள். அவள் சிரித்த சிரிப்பில்தான் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள்.

எங்கள் குப்பம் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் லாரி போகிற ரோடு, இன்னொரு பக்கம் கடல் ஊரைத் தின்றுவிடாமல் இருக்கக் கொட்டிய கருங்கல். கல்லுக்கு நடுவே ஒரே ஒரு இடத்தில் மட்டும் கல் போடாமல் மணலாக விட்டிருந்தார்கள். அதற்கு வாய் என்று பெயர். கட்டுமரங்கள் அந்த வாய் வழியாகத்தான் கரையேற வேண்டும். பத்து முழம் தப்பினாலும் கல்தான்.

கடலில் இருக்கிறவனுக்கு வாய் தெரியாது. அவனுக்குத் தெரிவது ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஃபாக்டரியின் இரண்டு புகைபோக்கிகள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. நெட்டைக்கு நேர் முன்னால் குட்டை வந்து நின்றதென்றால் மரம் வாய்க்கு நேராக இருக்கிறது. அப்படியே பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். எங்கள் ஊரில் குழந்தை நடக்கப் பழகியதும் கரையில் நிறுத்தி, நெட்டை எது, குட்டை எது என்று கேட்பார்கள். எனக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னால் நெட்டையும் குட்டையும் தெரியும்.

அந்த வருஷம் தை முடிகிற சமயம், பழவேற்காட்டுப் பக்கம் இறால் நன்றாகப் படுகிறது என்று நைனா மரத்தை எடுத்துக்கொண்டு போனார். கூடப் போனது பெரியம்மாவின் மகன். பெரியம்மா என்றால் நைனாவின் அண்ணன் பெண்டாட்டி. புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, இருந்த ஒரே பிள்ளையை நைனாவின் மரத்தில் ஏற்றிவிட்டிருந்தாள். நான் அவரை அண்ணன் என்பேன். இருபது வயது. வாயில் எப்போதும் பொட்டுக்கடலை இருக்கும், எனக்கும் பாதி வரும். ஒரு மாதம் கழித்துத் திரும்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் இருவரும் போனார்கள்.

அவர்கள் போன நாலாம் நாள் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

அந்த டைரக்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவதில்லை. வர வேண்டும், வருவதில்லை. ஒல்லி மனிதர், மாசி வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். யானைக்கவுனிக் கடைகளில் பொறுக்கிய பித்தளைக் குழாய், பழைய பாய்லர் டிரம், லாரி மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு யந்திரம் செய்து கொண்டுவந்திருந்தார். குப்பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதையும் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ். மின்சாரம் கிடையாது, எல்லாம் ஆவியில் ஓடுகிறது, குடைகூட ஆவியில்தான் விரியும். கடற்கரையில் ஒரு பிணம். துப்பறிகிறவர் தேடுகிறார், தேடுகிறார், கடைசியில் கண்டுபிடிக்கிறார், செத்துக் கிடப்பது அவரேதான். பின்னால் வரப்போகும் ஒரு நாளிலிருந்து, அந்தச் சாவைத் தடுப்பதற்காக யந்திரத்தில் ஏறி வந்தவர். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு நாள் பின்னால் போகும். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம்.

யந்திரத்துக்கு ஒரு புகைபோக்கி வேண்டுமே. தகரத்தில் செய்தார்கள், ஐம்பது அடி. வாய்க்குத் தெற்கே, கல்லுக்குப் பின்னால், ஐஸ் கம்பெனிச் சுவர் மறைவில். சினிமா ஆட்கள் கயிறு கட்டி இழுத்தால் எழுந்து நிற்கும், விட்டால் படுத்துக்கொள்ளும். அடியில் பாய்லரைப் பற்றவைத்தால் நிஜமாகவே புகையும்.

ஊர்ப் பெரியவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஃபாக்டரிக் குட்டை மாதிரியே தெரியும், அதை நம்பித் திருப்பினால் கல்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எட்டு மணிக்கு ஃபாக்டரி சங்கு ஊதிய பிறகுதான் தூக்க வேண்டும், அதற்குள் எல்லா மரமும் வந்துவிடும் என்று டைரக்டரோடு பேசி முடித்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள என் மாமாவை வைத்தார்கள். மாமா அம்மாவின் ஒரே தம்பி. நீச்சலுக்கும் வம்புக்கும் பேர்போனவர், அம்மாவுக்கு உயிர். சினிமாக்காரர்கள் கொடுத்த தொப்பியை மூன்று வாரமும் அவர் கழற்றவே இல்லை. தூங்கும்போது அதை முகத்தில் கவிழ்த்துக்கொள்வார்.

எனக்கு வேடம், ஆவி வண்டியைத் துரத்தும் பிள்ளைகளில் ஒருத்தி. வேலை, ஓடுவது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன்.

கடைசி நாள் காலையில் பனி. மற்றப் பிள்ளைகள் சங்குக்குப் பிறகுதான் வருவார்கள், அன்றைக்கு நான் மட்டும் முன்னாலேயே போயிருந்தேன். மணலிப் பக்கத்திலிருந்து வந்த புகையும் பனியும் கலந்து, கண் எரிந்தது. தரையோடு வெள்ளையாகப் படுத்திருந்தது, மேலே பார்த்தால் நெட்டையின் தலை மட்டும் தெரிந்தது, குட்டை முழுக்க மறைந்திருந்தது. டைரக்டர் குதித்தார். இந்தப் பனிக்குத்தான் மூன்று வாரமாகக் காத்திருந்தாராம். எட்டு மணி வரை நிற்காது, இப்போதே எடுக்க வேண்டும் என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா கரைக்கு ஓடிப்போய் மரங்களை எண்ணிவிட்டு வந்தார். எண்ணினார், அதை நான் மறைக்க மாட்டேன். அன்றைக்குக் கடலுக்குப் போன மரங்கள் அத்தனையும் கரையில் இருந்தன.

"தூக்கிக்க சார். எல்லா மரமும் வந்துட்ச்சி" என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் போன ஒரு மரம் அவர் கணக்கில் இல்லை. என் கணக்கிலும் இல்லை. நான் ஆவி வண்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். மேலே தகரம் எழுந்து நின்று புகைந்தது. ஐஸ் கம்பெனிச் சுவரும் பனியும் மறைத்ததில் ஊரில் யாருக்கும் அது தெரியவில்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் கல் பக்கமிருந்து சத்தம் வந்தது. மாமா கையைக் காட்ட, ஆட்கள் தகரத்தைச் சாய்த்தார்கள். நாங்கள் ஓடினோம். நைனா மணலில் குப்புறக் கிடந்தார். முழங்கால் இரண்டும் கல்லில் கிழிந்திருந்தன. அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவர் வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. பெரியம்மா கத்தவில்லை, அண்ணனுடைய காலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம்தான் ஃபாக்டரி சங்கு ஊதியது. ஊரே அதைக் கேட்டது.

சினிமாக்காரர்கள் மத்தியானமே தகரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யந்திரம் மட்டும் கனம் என்று ஐஸ் கம்பெனிக் கொட்டகையில் நின்றது.

அண்ணனின் காரியம் முடிந்ததும் ஊர் கூடியது. எங்கள் பஞ்சாயத்தில் பெண்களும் பிள்ளைகளும் தள்ளி நின்று கேட்கலாம், பேச முடியாது. நைனா கட்டுப்போட்ட காலோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். நெட்டைக்கு முன்னால் குட்டை நின்றதைப் பார்த்துத்தான் மரத்தைத் திருப்பினேன் என்றார். தலைவர் மாமாவைக் கூப்பிட்டு, அந்தத் தகரம் அப்போது நின்றதா என்று கேட்டார்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சங்கு ஊதினப்புறம்தான் தூக்குவோம். அன்னிக்கு தூக்கவே இல்ல."

ஊர் அதை நம்பியது. ஏன் நம்பாது, சொந்த மச்சானுக்கு எதிராக ஒருவன் எதற்குப் பொய் சொல்லப்போகிறான். நைனாவே நம்பிவிட்டார். அவர் மாமாவை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு தன் கையை முகத்துக்கு முன்னால் பிடித்து விரல்களைப் பார்த்தார். கண் கெட்டவன் மரம் ஓட்டக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. உடைந்த மரத்தைப் பிரித்துக் கட்டைகளைக் கரையில் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் மாமா என்னைத் தண்ணீர்ப் பம்பு பக்கத்தில் பிடித்துக்கொண்டார். நான் அங்கே இருந்தது அவருக்குத் தெரியும். தொப்பி தலையில் இல்லை. மிரட்டவில்லை, மிரட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். என் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ வாயத் தொறந்தன்னா என்ன ஊர விட்டே தள்ளிடுவானுங்க கண்ணு. உங்கம்மா தாங்காது. உங்க நைனாவுக்கு உசுராவது கீது. நான் செத்துருவேன்."

பெரிய ஆள் ஒருவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சொல்ல மாட்டேன் என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னார், அம்மா தலைமேல் பண்ணினேன். பத்து வயதுப் பிள்ளையிடம் அம்மா தலைமேல் சத்தியம் வாங்குகிறவனை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அவரும் செத்துப் பல வருஷமாயிற்று. அவர் மேல் எனக்கு இன்னும் தீரவில்லை.

இனி நடந்ததைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சரி. ஐஸ் கம்பெனிக் கொட்டகையில் பின்பக்கப் பலகை ஒன்று ஆடும். அதை நகர்த்தி உள்ளே போனேன். யந்திரத்தில் ஏறி, துப்பறிகிறவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். விஷயம் எளிது. பதினோரு நாள் ஆகியிருந்தது, பதினோரு தடவை இழுக்க வேண்டும். போனதும் கல்லின் மேல் ஏறி நின்று, நைனா அது தகரம், அது தகரம் என்று கத்த வேண்டும். சத்தியத்தையும் மீறினதாகாது, ஏனென்றால் அப்போது நான் இன்னும் சத்தியமே பண்ணியிருக்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எண்ணி எண்ணி இழுத்தேன். திறந்தால் கொட்டகை. ஐஸ் உருகின தண்ணீர், மரத்தூள் வாசனை. தப்பாக எண்ணிவிட்டேன் போலிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து இழுத்தேன். அழுதுகொண்டே இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

நைனாவுக்குத் துறைமுகத்தில் கரி மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. முழங்கால் மடங்காமலேயே தூக்கினார். வந்ததும் குளிக்க மாட்டார், நேரே கரைக்குப் போய் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஒரு கண்ணை மூடுவார், நெட்டையைப் பார்ப்பார். இன்னொரு கண்ணை மூடுவார், குட்டையைப் பார்ப்பார். அம்மா போய்க் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

சித்திரையில் யாரோ இலவசமாகக் கண் பரிசோதனை நடத்தினார்கள். அம்மா வற்புறுத்தி அழைத்துப் போனாள், துணைக்கு நானும் போனேன். சுவரில் எழுத்து அட்டை. பெரிய எழுத்திலிருந்து படிக்கச் சொன்னார் அங்கே இருந்தவர். நைனாவுக்கு எழுத்தே தெரியாது. அதை அத்தனை பேர் எதிரில் சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்தார். அடுத்த அட்டை, அதற்கும் சும்மா இருந்தார். பார்வை ரொம்ப மோசம் என்று தடிமனாக ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார் அந்த ஆள். அதைப் போட்டதும் நைனாவுக்கு நிஜமாகவே எல்லாம் மங்கியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "அவனுங்க சொன்னது கரெக்டுதான். எம் புள்ளய நான்தான் கொன்னுட்டேன்." அண்ணனைத்தான் அவர் பிள்ளை என்றார். எனக்கு எழுத்து தெரியும் என்றும், அவருக்குத் தெரியாது என்றும் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருப்பதே அப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

பெரியம்மா எங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தண்ணீருக்கு வரும்போது நாங்கள் நின்றால் குடத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

ஆடி பிறந்தபோது படம் வந்தது. ஐந்து மாதத்தில் எடுத்து முடித்து விட்டிருந்தார்கள், அவ்வளவு அவசரம். குப்பத்துப் பிள்ளைகளைக் கொட்டகைக்காரர் முதல் நாள் இலவசமாக உள்ளே விட்டார். துக்க வீட்டுக்குச் சினிமா என்ன கேடு என்று பெரியவர்கள் யாரும் வரவில்லை. மாமா வேலை தேடி எண்ணூர்ப் பக்கம் போனவர் அங்கேயே தங்கிவிட்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காலை வந்தது. பனிக்குள் துப்பறிகிறவர் நடக்கிறார். பின்னால் தகரப் புகைபோக்கி புகைகிறது. அவர் தோளுக்கு இடது பக்கம், திரையின் ஓரத்தில், கடல். அதில் ஒரு பாய். பாயில் நீலமாக ஓர் ஒட்டு. அது அம்மாவின் பழைய புடவைத் துண்டு, தைக்கும்போது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் நான். பாய் மெதுவாகத் திரும்பிப் புகைபோக்கியைப் பார்த்து வந்தது. இரண்டு புள்ளிகளாக நைனாவும் அண்ணனும் தெரிந்தார்கள். ஒரு புள்ளி நின்றுகொண்டிருந்தது. துப்பறிகிறவர் ஏதோ வசனம் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். வேறு யாரும் பார்க்கவில்லை.

மறுநாளும் போய்ப் பார்த்தேன். இருந்தது. நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, படம் சொல்லிவிடும். நைனா வந்து பார்த்தால் போதும். அவர் தலைவரைக் கூட்டி வருவார், தலைவர் ஊரைக் கூட்டி வருவார்.

நைனா வர மாட்டேன் என்றார். காலைப் பிடித்துக் கெஞ்சினேன், சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். அம்மா என்னை அடித்தாள், உனக்கு வெட்கமில்லையா என்று கேட்டு அடித்தாள். மூன்று நாள் இப்படியே போயிற்று. படம் ஓடவில்லை, வெள்ளிக்கிழமை தூக்கப்போகிறார்கள் என்று பேச்சு. வியாழக்கிழமை மத்தியானம் நைனா துறைமுகத்திலிருந்து வந்ததும், அதில் நம் மரம் வருகிறது, அண்ணன் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் கழுவிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

கொட்டகையில் பத்துப் பேர்கூட இல்லை. நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தார். இடைவேளை முடிந்தது. பனி வரப்போகிறது என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. யந்திரம் வந்தது, சண்டை வந்தது, செத்தவர் தானேதான் என்று துப்பறிகிறவர் கண்டுபிடித்தார், வணக்கம் போட்டார்கள். நான் மேலே ஓடி, படம் ஓட்டுகிறவரிடம் கேட்டேன். ஜனங்கள் கத்துகிறார்கள் என்று நேற்றே ஒரு ரீலை எடுத்துவிட்டோம், அதில் ஒருத்தன் சும்மா நடக்கிறான் பாப்பா, கதையே இல்லை என்றார். போட்டுக் காட்டச் சொல்லி அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அந்த ரீல் இருந்த பெட்டி காலையிலேயே போய்விட்டதாம்.

நைனா வெளியே வெயிலில் நின்றிருந்தார். ஏமாற்றினாயா என்றுகூடக் கேட்கவில்லை, வா வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்போது என்னால் முடியவில்லை. அம்மா செத்தாலும் சாகட்டும் என்று நினைத்தேன், இதை நான் உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

"நைனா, நான் அங்கதான் இருந்தேன். சங்கு ஊதறதுக்கு முன்னாடியே தகரத்தத் தூக்கிட்டாங்க. மாமாதான் தூக்கச் சொன்னாரு."

அவர் என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"தகரம் நின்னுகினு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"புகஞ்சுதா?"

"புகஞ்சுது நைனா."

கண்ணாடியைக் கழற்றி ஜோபியில் போட்டார். அண்ணாந்து, ரோட்டுக்கு மேல் தெரிந்த நெட்டையைப் பார்த்தார். "அப்போ என் கண்ணு நல்லாத்தான் கீது" என்றார். சிரிப்பது மாதிரி ஆரம்பித்து அழுதுவிட்டார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு என்னை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். தலைவர் வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். தலைவர் வீட்டைத் தாண்டினார். பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்று, அண்ணி என்றார். ஐந்து மாதத்தில் அவர் அந்த வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை. பெரியம்மா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்து, ரவிக்கை தோளில் தொங்கியது.

நைனா வாயைத் திறந்தார். திரும்பி, தன் பின்னால் ஒளிந்து நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் பல வருஷம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். யார் பார்த்தது, யார் சொன்னது, ஐந்து மாதமாக ஏன் சொல்லவில்லை என்று ஊர் கேட்கும். பெரியம்மா கேட்பாள். அந்தக் கேள்விகள் எல்லாம் வந்து நிற்கப்போகிற இடம் நான்.

"உன் புள்ளய நான்தான் இட்டுகினு போனேன் அண்ணி. நான்தான் பத்திரமா இட்டாந்திருக்கணும். என் கண்ணு என்னைய ஏமாத்திட்ச்சி. மன்னிச்சுக்க" என்றார்.

இல்லை, அவர் கண் இல்லை என்று சொல்ல நான் முன்னால் வந்தேன். அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் தடவி, என் வாயைப் பொத்தினார். கரித் தூள் என் உதட்டில் ஒட்டியது. பெரியம்மா கதவைச் சாத்தும் வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.